சமைத்தவரும் உட்கார்ந்து சாப்பிடும் காலைப் பலகாரம்

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் தோசை. முதல் தோசை சின்னவனுக்கு, இரண்டாவது பெரியவளுக்கு, மூன்றாவது, பத்திரிகையை விட்டுத் தலை நிமிராத குடும்பத் தலைவருக்கு. "எனக்கு முறுகலா வேணும்" என்று ஒரு குரல். "எனக்கு மெத்துனு" என்று இன்னொரு குரல். எல்லோரும் எழுந்து கை கழுவிய பிறகு கல்லில் கடைசியாக ஒரு தோசை விழுகிறது. அதை அடுப்படியிலேயே நின்றபடி, அடியில் மீந்த சட்னியைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறவர் யார் என்பதை நேயர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. அமெரிக்காவிலும் விடுமுறைக் காலையில் இதே கதைதான். அங்கே தோசைக்குப் பதில் முட்டை. ஒருவருக்கு மஞ்சள் கரு சூரியனைப் போல் மேலே தெரியவேண்டும். ஒருவருக்குத் திருப்பிப் போட்டிருக்கவேண்டும். மூன்றாமவருக்குக் கிளறிக் கொடுக்கவேண்டும். வாணலியில் ஒரு நேரத்தில் இரண்டு முட்டைக்குத்தான் இடம். ஆறு பேருக்குச் செய்து முடிப்பதற்குள் முதலில் சாப்பிட்டவர் வெளியே கிளம்பியே போய்விடுவார்.

இதற்கு அந்நாட்டு வீடுகளில் ஒரு யுக்தி கையாளுகிறார்கள். உருளைக்கிழங்கையும் முதல் நாள் மீந்த இறைச்சியையும் பொடியாக அரிந்து, ஒரே இரும்புச் சட்டியில் பரப்பி, ஓவனில் வைத்து முறுகவிடுகிறார்கள். பிறகு அதன்மேல் கரண்டியால் ஆறு குழிகள் பறித்து, குழிக்கு ஒரு முட்டையாக உடைத்து ஊற்றி, மறுபடியும் ஓவனுக்குள் தள்ளிவிடுகிறார்கள். பத்து நிமிஷத்தில் ஆறு முட்டையும் ஒருங்கே வெந்துவிடுகிறது. சட்டி அப்படியே மேசைக்கு வருகிறது. சமைத்தவரும் வந்து உட்காருகிறார். இந்தப் பலகாரத்தின் ருசியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதன் முதல் பெருமை இந்த நாற்காலிதான்.

அரிவதே பெயராயிற்று

இந்தக் கலவைக்கு 'ஹாஷ்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் கொத்துவது, அரிவது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயர்கள் பதினேழாம் நூற்றாண்டிலேயே இதைச் சாப்பிட்டிருக்கிறார்கள். லண்டன் கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் அந்தரங்கமாக எழுதிவைத்த நாட்குறிப்பு உலகப் பிரசித்தி பெற்றது. 1663-ம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி தம் வீட்டில் நடந்த விருந்தைப் பற்றி எழுதும்போது, முயல் இறைச்சி ஹாஷ் பரிமாறியதை அவர் குறிப்பிடுகிறார். அதற்காக அவருடைய மனைவி விடியுமுன் ஐந்து மணிக்கே எழுந்து, சந்தைக்குப் போய்க் கோழியும் மற்றச் சாமான்களும் வாங்கிவந்தார் என்ற செய்தியும் அதே குறிப்பில் இருக்கிறது. விருந்தினர் உண்டதை நாம் படித்துச் சப்புக்கொட்டலாம். அந்த அம்மாள் உண்டாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ இங்கிலாந்து என்று ஒரு பிரதேசம். அங்கே உப்பிட்ட மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கேரட், டர்னிப் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு வேகவைத்துச் சாப்பிடும் வழக்கம் உண்டு. மறுநாள் காலை, மீந்த காயும் கறியும் அரிந்து வாணலியில் முறுக வறுக்கப்படும். அதில் பீட்ரூட் சேர்ந்துவிட்டால் சட்டி முழுவதும் செக்கச்செவேலென்று ஆகிவிடும். அதற்குச் 'சிவப்புக் கம்பளித் துணி ஹாஷ்' என்று வேடிக்கையான பெயர்.

உப்பிட்ட அந்த மாட்டிறைச்சியைக் 'கார்ன்ட் பீஃப்' என்பார்கள். பெயரைக் கேட்டு மக்காச்சோளம் சேர்த்தது என்று எண்ணிவிடக்கூடாது. 'கார்ன்' என்றால் பழைய ஆங்கிலத்தில் மணி, பரல் என்று பொருள். கல் உப்புப் பரல்களைப் போட்டுப் பதப்படுத்தியதால் வந்த பெயர் அது.

மீந்ததை மறுநாள் புதிதாக்கும் வித்தை நமக்கும் தெரியாததல்ல. முதல் நாள் இட்லியை உதிர்த்துத் தாளித்தால் இட்லி உப்புமா. ஸ்வீடன் தேசத்தார் உருளைக்கிழங்கு, வெங்காயம், இறைச்சி மூன்றையும் சதுரம் சதுரமாக அரிந்து வறுத்து, மேலே ஒரு பொரித்த முட்டையும் பக்கத்தில் பீட்ரூட் ஊறுகாயும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். தேசம் எதுவானாலும், நேற்றைய பண்டத்தை எறிய மனம் வராத ஒரு கை எல்லாச் சமையலறைகளிலும் இருக்கிறது.

கேலியும் பஞ்சமும்

ஆயினும் ஹாஷுக்கு வெகு காலம் மரியாதை இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மலிவான சாப்பாட்டுக் கடைகளுக்கு 'ஹாஷ் வீடு' என்றே பெயர். பொடியாக அரிந்துவிட்ட பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சந்தேகத்தை வைத்துக் கட்டிய நகைச்சுவைத் துணுக்குகளுக்குக் கணக்கில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் போர்வீரர்களுக்குத் தகர டப்பாவில் அடைத்துக் கொடுத்த 'சி ரேஷன்' உணவு முதலில் மூன்றே வகைதான். அவற்றில் ஒன்று இறைச்சியும் காய்கறியும் கலந்த ஹாஷ். திரும்பத் திரும்ப அதையே தின்ற வீரர்கள் டப்பாவைக் கண்டாலே முகம் சுளிக்கத் தொடங்கினார்கள்.

அதே காலத்தில் பிரிட்டனில் இல்லத்தரசிகள் பட்ட பாடு வேறு விதம். அங்கே 1940 ஜனவரியில் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954 ஜூலையில்தான் முற்றிலும் நீங்கிற்று. ஓர் ஆளுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு முட்டை, அதுவும் கிடைத்தால். இறைச்சிப் பங்கின் ஒரு பகுதியை டப்பாக் கார்ன்ட் பீஃபாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. உருளைக்கிழங்குக்கு மட்டும் யுத்த காலம் முழுவதும் பங்கீடு இல்லை. ஒரு சிறு துண்டு இறைச்சியைப் பொடியாக அரிந்து, நிறைய உருளைக்கிழங்கில் கலந்து, ஒரு குடும்பத்தையே பசியாற்ற முடிந்ததென்றால் அதற்கு ஹாஷ் செய்த உதவியும் கொஞ்சமல்ல. இன்று ஒரே சட்டியில் ஆறு முட்டை உடைத்து ஊற்றும்போது, ஆறு வாரப் பங்கை ஒரே காலையில் சாப்பிடுகிறோம் என்று நினைத்துப் பார்த்தால் அந்த முட்டையின் அருமை விளங்கும்.

தண்ணீர் என்னும் பகைவன்

இனி அடுப்படிக்கு வருவோம். ஹாஷ் முறுகுவதும் களியாவதும் ஒரே விஷயத்தைப் பொறுத்திருக்கிறது. அது தண்ணீர்.

உருளைக்கிழங்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரே. தண்ணீர் இருக்கும் வரையில் சட்டியிலுள்ள பண்டம் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறாது, வேகும், முறுகாது. பொன்னிறமும் வறுத்த மணமும் உண்டாவதற்கு ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் போகவேண்டும். அப்போதுதான் பண்டத்திலுள்ள சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் சேர்ந்து நிறத்தையும் மணத்தையும் வேகமாக உண்டாக்குகின்றன. 1912-ல் இதை ஆராய்ந்து எழுதிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமில் மயார் என்பவரின் பெயராலேயே இன்றும் இந்த ரசாயன மாறுதல் வழங்குகிறது. நம் தோசையின் முறுகலுக்கும், ரொட்டியின் மேல்தோல் சிவப்பதற்கும் இதுவே காரணம்.

ஆகையால் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: துருவிய கிழங்கை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, ஒட்டப் பிழிந்துவிடவேண்டும். கை வலிக்கும்; வலிக்கட்டும். கிண்ணத்தில் வடியும் தண்ணீரைப் பார்த்தால், இவ்வளவும் சட்டிக்குள் போயிருக்குமே என்று திகைத்துப் போவீர்கள்.

சாமான்களும் செய்முறையும்

ஐந்தாறு பேருக்கு வேண்டியவை: உருளைக்கிழங்கு 750 கிராம், நடுத்தர வெங்காயம் 2, வெந்த இறைச்சி 250 கிராம், வெண்ணெய் 50 கிராம், அல்லது எண்ணெய் 3 மேசைக்கரண்டி, முட்டை 6, மிளகுப் பொடி ஒரு தேக்கரண்டி, உப்பு, பொடியாக நறுக்கிய கொத்தமல்லித் தழை ஒரு பிடி. அமெரிக்காவில் கொத்தமல்லிக்குப் பதில் பார்ஸ்லி என்ற தழையைத் தூவுவார்கள். இறைச்சி கார்ன்ட் பீஃபாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. முதல் நாள் வறுத்த ஆட்டுக்கறி, கோழிக்கறி எதுவும் பொருந்தும். குழம்பிலிருந்து எடுத்ததானால் குழம்பை நன்றாக வழித்துவிட்டு அரியவேண்டும். இல்லையேல் பிழிந்து வெளியேற்றிய தண்ணீர் கொல்லைப்புற வழியாக உள்ளே வந்த கதையாகிவிடும். டப்பா இறைச்சியானால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

முதலில் ஓவனை 220 டிகிரிக்குச் சூடேற்றிக்கொள்ளுங்கள். கிழங்கைத் தோல் சீவித் துருவி, இரண்டு முறை தண்ணீரில் அலசி, மேலே சொன்னபடி பிழியுங்கள். பச்சை படர்ந்த கிழங்கு இருந்தால் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். அதில் நஞ்சு உண்டு. பொடியாக அரிந்த வெங்காயம், உப்பு, மிளகு, உருக்கிய வெண்ணெயில் முக்கால் பங்கு இவற்றைச் சேர்த்துப் பிசறுங்கள்.

கைப்பிடியும் இரும்பிலேயே உள்ள கனமான சட்டி நல்லது. ஒரு சாண் அகலத்துக்குச் சற்று மேற்பட்டிருக்கவேண்டும். மரக் கைப்பிடியோ பிளாஸ்டிக் கைப்பிடியோ ஓவனுக்கு ஆகாது. மிச்ச வெண்ணெயைச் சட்டியில் விட்டு, அடுப்பில் வைத்துக் காயவிட்டு, கிழங்கைப் பரப்புங்கள். 'சுர்' என்று சத்தம் வரவேண்டும். பிறகு சட்டியை ஓவனில் வையுங்கள்.

இருபது நிமிஷம் கழித்து எடுத்து, அடி சிவந்த பகுதி மேலே வரும்படி புரட்டி, அரிந்த இறைச்சியைக் கலந்து, இன்னும் பதினைந்து நிமிஷம் வையுங்கள். ஓரங்கள் பொன்னிறமாகிச் சட்டியை விட்டு விலகிவரும். ஒரு துண்டை வாயிலிட்டு, கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேகாத கிழங்கின்மேல் முட்டையை ஊற்றிவிட்டால் பிறகு பரிகாரம் கிடையாது.

வெந்தபின் கரண்டியின் முதுகால் ஆறு குழிகள் அழுத்துங்கள். குழியின் அடியில் மெல்லிய படலமாகக் கிழங்கு இருக்கவேண்டும். சட்டியின் இரும்பு தெரிந்தால் முட்டை ஒட்டிக்கொள்ளும். முட்டையை நேராகச் சட்டியில் உடைக்காமல், ஒவ்வொன்றாகச் சிறு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து ஊற்றுங்கள். ஒரு கெட்ட முட்டை ஒரு குடும்பத்தின் காலைப் பலகாரத்தையே கெடுத்துவிடும்.

ஓவனின் சூட்டை 190 டிகிரிக்குக் குறைத்து, எட்டு முதல் பன்னிரண்டு நிமிஷம் வையுங்கள். கொத்தமல்லி தூவி, சட்டியோடு மேசைக்குக் கொண்டுபோங்கள். கைப்பிடியில் கனத்த துணி ஒன்றைச் சுற்றிவிட மறக்கவேண்டாம். குழந்தைகளின் கை முதலில் அங்கேதான் போகும்.

முட்டையின் சூட்சுமம்

முட்டையின் வெள்ளைக் கரு ஏறக்குறைய 63 டிகிரியில் தடிக்கத் தொடங்குகிறது. மஞ்சள் கரு 65-ல் தொடங்கி 70-ல் கெட்டிப்படுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அவ்வளவு சொற்பம்! ஆகையால் கடைசி ஐந்து நிமிஷம் அடுப்பை விட்டு நகரக்கூடாது. வெள்ளை முழுதும் பாலைப் போல் வெளுத்து, சட்டியை அசைத்தால் மஞ்சள் மட்டும் லேசாகத் தளும்பும்போது எடுத்துவிடலாம். சட்டியின் சூட்டிலேயே அது இன்னும் கொஞ்சம் வேகும்.

மஞ்சள் கரு இளகியிருப்பதே ருசி என்பார்கள் மேல்நாட்டார். உடைந்து வழிந்து கிழங்கில் ஊறும்போது அது உண்மைதான் என்று தோன்றுகிறது. ஆனால் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், முதியவர்களுக்கும் முழுவதும் கெட்டியாக வெந்த முட்டையே கொடுக்கவேண்டும். சால்மொனெல்லா என்ற கிருமி முட்டையில் இருக்கக்கூடும். அதனால் முட்டை சேர்த்த பண்டங்கள் 71 டிகிரி வரை வேகவேண்டும் என்று அமெரிக்க விவசாய இலாகா சொல்கிறது. அவர்களுடைய குழிகளை ஓவனில் இன்னும் மூன்று நான்கு நிமிஷம் விட்டால் போதும்.

ஓவன் இல்லாத வீடுகளில்

ஓவன் இல்லையே என்று கவலைப்படவேண்டாம். கனமான இரும்பு வாணலியும் அதற்குப் பொருந்திய மூடியும் போதும். கிழங்கைத் திறந்த வாணலியில் மிதமான தீயில் வறுக்கவேண்டும். மூடினால் ஆவி இறங்கி முறுகல் போய்விடும். அடிக்கடி கிளறவும் கூடாது. ஒரு பக்கம் சிவந்தபின் புரட்டினால் போதும். குழி பறித்து முட்டை ஊற்றிய பிறகுதான் தீயைத் தணித்து மூடவேண்டும். ஆறேழு நிமிஷத்தில் வெந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பு மட்டும் இதற்கு உதவாது. அதில் கிழங்கு முறுகாது; முழு மஞ்சள் கரு வெடித்துச் சிதறவும் கூடும்.

துருவுவதற்கே நேரமில்லை என்கிறவர்களுக்கு, துருவி உறையவைத்த கிழங்கு பொட்டலத்தில் கிடைக்கிறது. அந்தத் தொழிலில் பெயர் பெற்ற அமெரிக்கக் கம்பெனியான ஓர்-ஐடாவை 1952-ல் கிரிக் சகோதரர்கள் தொடங்கினார்கள். நீளத் துண்டுகளாகக் கிழங்கை வெட்டும்போது மீந்த சிதறல்களை மாட்டுத் தீவனமாகப் போட்டுவந்தவர்கள், அவற்றை அரிந்து உருட்டி 'டேட்டர் டாட்ஸ்' என்று விற்கத் தொடங்கிப் பெரும் லாபம் கண்டார்கள். மீந்ததின் மகிமை ஆலை முதலாளிகளையும் விட்டுவைக்கவில்லை!

ஓர் எச்சரிக்கை

மீந்ததைப் போற்றுவது வேறு. கெட்டதைப் போற்றுவது வேறு. சமைத்த இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடவேண்டும். நம் ஊர்க் கோடையைப் போல் 32 டிகிரிக்கு மேல் வெயில் காயும் நாட்களில் ஒரு மணி நேரத்துக்குள் வைக்கவேண்டும். அப்படி வைத்ததையும் மூன்று நான்கு நாட்களுக்குள் உபயோகித்துவிடவேண்டும். இரவு முழுவதும் வெளியே இருந்த இறைச்சியை எவ்வளவு வறுத்தாலும் நம்பக்கூடாது. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு சூட்டுக்கு மசியாது.

காலையில் அவசரம் என்றால், கிழங்கை மட்டும் இரவே வறுத்து ஆறவிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். பச்சையாகத் துருவி வைத்தால் கறுத்துவிடும். காலையில் இறைச்சியைக் கலந்து, உள்வரை நன்றாகச் சூடேறிய பிறகு முட்டையை ஊற்றவேண்டும்.

நான் செய்து பார்த்தது

இவ்வளவும் உபதேசம் செய்கிறவன் செய்து பார்த்தானா என்று நேயர்கள் கேட்பது நியாயமே. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் செய்து பார்த்தேன். முதல் முறை, பிழியும் கட்டத்தைச் சோம்பேறித்தனத்தால் தாண்டிவிட்டேன். சட்டியில் முறுகலுக்குப் பதில் பசை இருந்தது.

"என்னங்க, தபால் ஒட்டறதுக்கா இது?" என்றாள் என் மனைவி. குழந்தைகளுக்கு அவசரமாகத் தோசை வார்க்கப்பட்டது.

இரண்டாம் முறை, கிழங்கு பிரமாதமாக முறுகியது. ஆனால் பெருமையை ஊருக்குச் சொல்ல நினைத்து, சட்டியை வெளியே எடுத்துவைத்துவிட்டு அண்டை வீட்டாரோடு பேசப் போய்விட்டேன். ஆறிய ஹாஷில் முட்டையை ஊற்றியதால், மேலே வெள்ளை வேகும்போது அடியில் குழம்பாகவே இருந்தது. சட்டி சூடாக இருக்கும்போதே முட்டை விழவேண்டும் என்ற பாடம் அன்று கிடைத்தது.

மூன்றாம் ஞாயிறன்று எல்லாம் சரியாக அமைந்தது. சட்டியை மேசையில் வைத்ததும், என் தாயார் வழக்கப்படி தட்டுகளை எடுத்து எல்லோருக்கும் பரிமாற நின்றார்.

"நீயும் உட்காரும்மா" என்றேன்.

"நீங்கள்லாம் சாப்பிடுங்கடா. எனக்கு அப்புறம் ஆகட்டும்."

"அப்புறம்னு ஒண்ணு இல்லம்மா. ஆறு முட்டையும் ஒரே நேரத்துல வெந்தாச்சு. அடுப்பையும் அணைச்சாச்சு."

அம்மா அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. சற்றுத் தயங்கி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தன் பங்கு முட்டையைக் கரண்டியால் உடைத்தார்.

"சூடா இருக்கு" என்றார்.

"ரொம்ப சுடுதாம்மா?"

"இல்லடா. சூடாச் சாப்பிட்டு நாளாச்சுன்னு சொன்னேன்."

முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் தோசை தின்றுவருகிறவன் நான். கடைசித் தோசையைப் பற்றி அன்றுவரை ஒரு நாளாவது விசாரித்ததில்லை. வருகிற ஞாயிறு உங்கள் வீட்டிலும் ஒரு சட்டியை ஓவனில் ஏற்றிப் பாருங்கள். ஹாஷ் பிடிக்காவிட்டால் தோசையே இருக்கட்டும். ஆனால் கரண்டியை இன்னொருவர் வாங்கிக்கொண்டு, வழக்கமாக நிற்பவரை உட்காரச் சொல்லுங்கள்.